பழ ஈயில் ஏது விஷம்

பத்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமாம். எழுதுகிற சிரமம்கூட எனக்கு வேண்டாமென்று அவர்களே கம்ப்யூட்டரில் அடித்து வைத்துவிட்டார்கள், எவ்வளவு கருணை. "தங்கத் தவளைப் பெட்டியின் கண்ணாடியை நான் அலட்சியமாகத் திறந்து வைத்திருந்ததால் அதன் கொடிய விஷம் பார்வையாளர் திரு. விக்னராஜ் அவர்களின் உடம்பில் ஏறி அவர் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. இதற்கு நானே முழுப் பொறுப்பு. மனப்பூர்வமாக மன்னிப்புக் கோருகிறேன்." கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே திலகமணி, பராமரிப்பாளர். மனப்பூர்வமாக என்கிற சொல்லை எவன் போட்டானோ, அவனை ஒரு நாள் முழுக்க இந்த ஈ நாற்றத்துக்குள் உட்காரவைக்க வேண்டும். காகிதம் நாலாக மடிந்து சட்டைப் பையில் கிடக்கிறது, குனியும்போதெல்லாம் நெஞ்சில் குத்துகிறது. இப்போது எட்டே முக்கால். பத்துக்கு முதல் காட்சி. அதற்குள் பதினோரு பெட்டிக்கும் தீனி போட்டு, கண்ணாடி துடைத்து, தண்ணீர் தெளிக்கும் குழாய்களில் அடைப்பு பார்த்து, செடியில் காய்ந்ததைக் கிள்ளி, பிறகு ஓரமாக நின்று என் பெயரை நானே கெடுத்துக்கொள்ள வேண்டும். கோவையில் ஒரு மாலின் மூன்றாவது மாடியில் காடு வைத்திருக்கிறோம். பிளாஸ்டிக் கொடி, மோட்டாரில் ஓடும் அருவி, ஒலிபெருக்கியில் பறவைச் சத்தம், பக்கத்துக் கடையிலிருந்து பாப்கார்ன் வாசனை. இந்தக் காட்டில் உண்மையாக இருப்பது இந்தப் பதினோரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற தவளைகள் மட்டும்தான். அவற்றைப் பற்றித்தான் பொய் சொல்கிறோம்.

ஜாடியைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டு தட்டினால் ஈக்கள் உதிரும். பழ ஈ, பறக்க முடியாத வகை. வாழைப்பழத்தையும் வெல்லத்தையும் ஈஸ்ட்டையும் பிசைந்து ஜாடியில் போட்டு, வாயில் துணி கட்டி அலமாரியில் அடுக்கினால் பத்துப் பன்னிரண்டு நாளில் புழுவாகி ஈயாகிப் பொங்கும். புளித்த வாடை. என் தலைமுடியிலும் அதுதான். என் வீட்டுக்காரர் கந்தவேல் நான் உள்ளே நுழைந்ததும் பழமுதிர் கடை வந்துருச்சு என்பார், கேலிக்குத்தான், ஆனால் தினமும் சொல்வார். சுண்ணாம்புச் சத்துப் பொடியில் ஈக்களைப் போட்டுக் குலுக்கினால் அரிசிமாவில் புரட்டிய எள்ளு மாதிரி ஆகிவிடும். இதுதான் இவற்றுக்குச் சாப்பாடு, பிறந்ததிலிருந்து இதுதான். இவற்றின் அப்பனும் ஆத்தாளும்கூட ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு கண்ணாடிப் பெட்டியில் இதையே தின்றவைதான். காட்டில், நான் பார்க்காத, பார்க்கவும் போகாத தென்னமெரிக்கக் காட்டில், இந்தச் சாதித் தவளைகள் எறும்பு தின்னும், கண்ணுக்குத் தெரியாத உண்ணி தின்னும், இலைச் சருகுக்குள் ஊரும் சின்ன வண்டு தின்னும். அந்தப் பூச்சிகளின் உடம்பில் விஷம் இருக்கிறது. தவளை தின்கிறது, சாவதில்லை, தின்றதிலிருந்து விஷத்தை எடுத்துத் தோலில் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்கிறது. தானாக அதை உண்டாக்க அதற்குத் தெரியாது. வண்டுக்கு எங்கிருந்து வந்தது, தின்ற செடியிலிருந்தா வேறெதிலிருந்தா என்பது இன்னும் முழுசாகத் தெரியாதாம். ஆனால் தீனி மாறினால் விஷம் இல்லை, அது தெரியும். காட்டில் பிடித்து அடைத்ததற்குப் பழைய இருப்பு சில வருஷம் இருக்கும். பெட்டியிலேயே பிறந்ததற்கு இருப்பு ஏது? வாழைப்பழத்தில் வளர்ந்த ஈயைத் தின்ற தவளையின் தோலில் ஈரம் இருக்கும், அவ்வளவுதான். நிறம் மட்டும் அப்படியே இருக்கிறது, கிட்டே வராதே என்று மிரட்டுகிற தங்க மஞ்சள். மிரட்டலுக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது.

இது நான் தோண்டி எடுத்த ரகசியம் இல்லை. தவளைகள் வந்த பெட்டியோடு ஒரு பராமரிப்புக் குறிப்பும் வந்தது, அதில் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள் ஆயிற்றே, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். மறுநாளே மேனேஜர் ரகுநந்தன் சாரிடம் ஓடினேன், ஏதோ அவருக்கு உபகாரம் செய்கிற நினைப்பில். "சார், இதுகளுக்கு விஷமே இல்லீங்க சார். போர்டுல பத்துப் பேரைக் கொல்லும்னு எழுதியிருக்குதுங்களே" என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். சென்னைக்காரர், எல்லோரையும் மேடம் என்பார், மேடம் என்று சொல்லியே ஆளைக் கீழே உட்காரவைப்பார். "திலகமணி மேடம், விஷம் இல்லாத விஷத்தவளையப் பாக்க எவன் மூணு மாடி ஏறி வருவான்? நீங்க படிச்சீங்க, நான் கேட்டேன். அதோட விட்டுடுவோம்." விட்டுவிட்டேன். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. மைக்கை என் கையில் கொடுத்தார்கள். சிவப்பு ரப்பர் கையுறை, கண்ணை மூடும் பெரிய கண்ணாடி, எல்லாம் வேஷத்துக்கு. "தொட்டா மூணே நிமிஷந்தானுங்க. மூச்சு நிக்கும், அப்பறம் நெஞ்சு நிக்கும்." இதை எழுதியது யார்? ரகுநந்தனா? இல்லை, நான். மூணே என்பதற்குப் பிறகு கொஞ்சம் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் கூட்டம் பின்னால் ஒரு அடி நகரும், பெண்கள் வாயில் கை வைப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் நான் சொல்வதை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை, இங்கே ஐம்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு நாளைக்கு ஏழு காட்சி, இரண்டு வருஷம். சிறந்த ஊழியர் என்று கேடயம்கூடக் கொடுத்தார்கள், டிவி மேல் வைத்திருக்கிறேன்.

நீலத் தவளைகளுக்குப் போட்டாயிற்று, பச்சைக் கறுப்புக்குப் போட்டாயிற்று. ஏழாவது பெட்டிக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிடுகிறது, நாலு நாளாக இப்படித்தான். ஐந்து. மறுபடியும் எண்ணுகிறேன், பாசிக்குப் பின்னால் ஒன்று, தேங்காய்ச் சிரட்டைக்குள் இரண்டு, கண்ணாடியை ஒட்டி இரண்டு, ஐந்துதான். சனிக்கிழமை நாலு மணிக் காட்சி வரைக்கும் ஆறு. அன்றைக்கு ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர்கள் பட்டும் பவுடருமாகப் பெரிய கூட்டம். வாசலிலேயே எல்லோரும் சானிடைசர் தேய்த்துக்கொண்டுதான் வரவேண்டும், அது எங்கள் விதி. விக்னராஜ் என்கிற பெயரெல்லாம் பிறகு தெரிந்ததுதான், மில் வைத்திருக்கிற பெரிய வீட்டு மாப்பிள்ளை, முப்பத்தைந்து வயதிருக்கும், ஜிம்முக்குப் போய் வளர்த்த கை. நான் அந்தப் பக்கம் நீலத் தவளைகளுக்கு முன்னால் மைக்கோடு நின்றேன். கண்ணாடிக் கதவின் பூட்டு ஆடி மாதமே உடைந்துவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன், பாத்துக்கலாம் மேடம் என்றார்கள், கதவு நகராமல் இருக்க அட்டையை மடித்துச் செருகிவைத்திருந்தேன். அவர் அந்த அட்டையை உருவிப் போட்டுவிட்டுக் கண்ணாடியை நகர்த்திக் கையை உள்ளே நீட்டினார், மறு கையில் போன், செல்ஃபிக்கு. தங்கத் தவளை பயப்படுகிற ஜாதி இல்லை. கண்ணாடி நகர்ந்தால் தீனி வரும் என்று அதற்குத் தெரியும், நான் பழக்கியது. மூக்குக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு புள்ளி இருப்பதால் மூக்குத்தி என்று நான் கூப்பிடுவது, ஆறில் அதுதான் எப்போதும் முதலில் வரும். ஒரே தாவு, அவர் விரலில் உட்கார்ந்தது. அவர் சிரித்தார், படமும் எடுத்தார், நல்ல படம், பேப்பரில் வந்தது. அப்போதுதான் அவர் மனைவி போர்டைப் படித்தாள். "ஐயோ ஏனுங்க, பத்துப் பேரைக் கொல்லுமாமுங்க!" அதே நேரம் மைக்கில் நான். "அந்தப் பக்கம் இருக்கற தங்கத் தவளையத் தொட்டா மூணே..." வழக்கம்போல நிறுத்தினேன்.

அவர் கை மூடிக்கொண்டது. உதறியிருக்கலாம், அப்படியே கீழே விட்டிருக்கலாம், மூடிக்கொண்டது. அலறிக்கொண்டு மல்லாக்க விழுந்தார், முஷ்டி மட்டும் இறுகியே இருந்தது. கூட்டம் கத்தியது, ஓடியது. வலிப்பு என்று நினைத்துக்கொண்டு ஒரு பெரியவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி, இரும்பு பட்டால் நின்றுவிடும் என்று அந்த முஷ்டிக்குள் திணிக்கப் பார்த்தார். எந்த முஷ்டிக்குள்? தவளை இருந்த முஷ்டிக்குள். "உள்ள தவள இருக்குதுங்க, உள்ள தவள இருக்குதுங்க" என்று நான் கத்துகிறேன், அவர்களுக்கு அது விஷம் இன்னும் உள்ளே இருக்கிறது என்று கேட்கிறது போல, இன்னும் வேகமாகத் திணிக்கிறார்கள். ஒவ்வொரு விரலாக நான் பிரித்தேன். சானிடைசர் வாடை குப்பென்று அடித்தது. தவளைக்குத் தோல்தான் மூக்கு, தோல்தான் வாய், தண்ணீரைக்கூட அது தோலால்தான் குடிக்கிறது, அந்தத் தோலில் நம் உப்பு பட்டாலே எரியும், இது சாராயம். ஆறவைத்த தண்ணீரில் போட்டேன், மாற்றி மாற்றிப் போட்டேன். தொண்டை துடித்தது. பின்னங்கால் ஒன்று சாவி பட்டதோ என்னவோ மடங்கவேயில்லை. ஆம்புலன்ஸ் வந்து அவரைத் தூக்கிப்போனது, அவரோடு எல்லோரும் போனார்கள், டிக்கெட் கவுன்டர் ஜெசிந்தாகூடப் போனாள். நான் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தேன். ஆறரை மணிக்குத் தொண்டை நின்றது. இந்தப் பெட்டியில் விஷம் ஏறிச் செத்தது ஒன்றே ஒன்றுதான், அது மனுஷக் கையின் விஷம். அதற்கு எவன் மன்னிப்புக் கேட்பான், எந்தக் காகிதத்தில் கேட்பான்?

அந்த ஆளுக்கு ஒன்றுமில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து ரத்தம் பார்த்தார்கள், நெஞ்சு பார்த்தார்கள், எல்லாம் சரி. ஆனால் தோள் வரைக்கும் மரத்துப்போச்சு என்கிறார், அதை யார் மறுப்பது, மரத்துத்தான் போயிருக்கும். திங்கட்கிழமை டிவியில் மரணத்தின் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன் என்றார், கீழே ஓடின எழுத்தில் ஊழியரின் அலட்சியம். அலட்சியம்! பேர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை, இங்கே தவளைக்குத் தீனி போடுகிறவள் நான் ஒருத்திதானே. இருகூர் பஸ்ஸில் ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து பின் சீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இங்கே நிற்க இடமில்லை, நகரும் படிக்கட்டு வரைக்கும் வரிசை. பூட்டு மட்டும் ஞாயிறு காலையிலேயே வந்துவிட்டது, ஆடியில் கேட்டது, பளபளவென்று. பக்கத்தில் புதுப் போர்டு, 'கோவையை நடுங்கவைத்த தவளை இதுதான்'. எது? ஐந்தில் எது? அது போய்விட்டது சார் என்றால், "ஒண்ணு கம்மியானது வெளிய தெரிய வேணாம் மேடம், எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு" என்கிறார் ரகுநந்தன். ஒரே மாதிரியாம். நேற்று என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, யாராவது கேஸ் போட்டு தவளையைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னால் என்ன செய்வது என்று கவலைப்பட்டார். "இங்க லோக்கல் எறும்பு இருக்குல்ல, அதப் புடிச்சுப் போட்டா கொஞ்சமாவது விஷம் வருமா?" கேட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறார், நிஜமாகவே கேட்கிறார். அந்த எறும்பு வேறு, அந்தக் காடு வேறு, இது பார்க்கிங்கில் பிஸ்கட் தூளுக்கு வருகிற எறும்பு சார். வராது சார் என்று மட்டும் சொன்னேன். வெளியே வந்து பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன், சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை.

போடுகிறேன், போடுகிறேன், தின்னுங்கள். மூடிய பூட்டைத் திறந்து கப்பைச் சாய்த்ததும் ஐந்தும் வந்துவிட்டன, நாக்கு போய் வருவது கண்ணுக்கே தெரிவதில்லை. அவற்றுக்கு ஒரு கோபமும் இல்லை. அதே கண்ணாடி, அதே கை வருகிற வழி, அதே இடத்துக்கு ஓடி வருகின்றன, முட்டாள்கள். ராத்திரி கந்தவேல் சொன்னார், "எழுதிக் குடுத்துப்போட்டு வா. வம்பெதுக்கு? மன்னிப்புதான கேக்கறாங்க, உன்ற தலையவா கேக்கறாங்க." நல்ல மனுஷன்தான், அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார், என் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசவும் மாட்டார். விழுங்கிக்கொள் என்பதைத்தான் எல்லோரும் எனக்கு ஊட்டியிருக்கிறார்கள். காலேஜில் தவளை அறுக்க வைத்தார்கள். வயல் தவளை, சாக்கில் வரும், குளோரோபார்ம் ஜாடிக்குள் போட்டால் கண்ணாடியை நகத்தால் பிராண்டும். முடியாதுங்க மேடம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டு அறுத்தேன், நரம்பு அறாமல் அறுத்தேன், வகுப்பிலேயே அதிக மார்க். பெண் பார்க்க வந்தபோது மேலே படிக்கணும் என்பதை விழுங்கினேன். முதல் வேலை ஒரு பள்ளிக்கூடத்தில், செய்யாத சோதனைகளுக்குப் பிள்ளைகளின் நோட்டில் செய்ததாக எழுதவைக்கச் சொன்னார்கள், அதையும் விழுங்கினேன். இங்கே வந்து விழுங்கியது அந்த மூணே நிமிஷப் பொய். தவளை தின்றதைத் தோலில் சேர்த்துவைக்கிறது, அதனால்தான் பாம்புகூட யோசிக்கிறது. நான் இத்தனை விழுங்கினேனே, அதெல்லாம் எங்கே போயிற்று? என் தோலில் ஒன்றையும் காணோம், எவன் வேண்டுமானாலும் தொடலாம், பிடிக்கலாம், முஷ்டிக்குள் வைத்து இறுக்கலாம். இல்லை, அப்படியும் இல்லை. ஒரு ஆள் மல்லாக்க விழுந்தானே, எதனால் விழுந்தான்? தவளையாலா? என் குரலால் விழுந்தான். எனக்கு ஊட்டிய பொய்யெல்லாம் என் வாயில்தான் சேர்ந்திருந்திருக்கிறது, அதைத்தான் ஒரு நாளைக்கு ஏழு காட்சி கூட்டத்தின் மேல் தெளித்தேன், அது சுற்றிக்கொண்டு போய் மூக்குத்தியைக் கொன்றது. நான் பேசாமல் இருந்திருந்தால் அவர் படம் எடுத்துவிட்டு விரலை உதறியிருப்பார், அது பாசிமேல் விழுந்து இன்றைக்கும் முதலில் ஓடி வந்திருக்கும்.

ஒன்பதே முக்கால். கண்ணாடி துடைக்கிற மருந்து விரலிடுக்கில் எரிகிறது, இந்த வாரம் துடைக்கிற துணியே கறுத்துவிட்டது, அவ்வளவு பேர் மூக்கை ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். செருப்புச் சத்தம். ரகுநந்தன். இன்றைக்கு முழுக்கைச் சட்டை, டிவிக்காரர்கள் வரலாம் என்று. "என்ன மேடம், போட்டாச்சா?" தவளைக்குத் தீனியைக் கேட்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்து, போட்டாச்சுங்க சார் என்று சொல்லிவிட்டேன், அவர் கையை நீட்டுகிறார். இல்லீங்க சார், தீனி போட்டேன் என்கிறேன். முகம் மாறுகிறது. "இது உங்க நல்லதுக்குத்தான். நீங்க எழுதிக் குடுத்தா அந்த ஃபேமிலி இதோட விட்டுடறேன்னு சொல்லிட்டாங்க. இல்லன்னா போலீஸ், கோர்ட். உங்களால அலைய முடியுமா?" முடியாதுதான். "பூட்டு ஒடஞ்சதுன்னு நான் எழுதிக் குடுத்தனுங்களே சார்" என்கிறேன். "எங்க, காட்டுங்க" என்கிறார். என்னிடம் நகல் இல்லை. எழுதிக் கொடுத்ததை வாங்கி மேசையில் வைத்தவர் அவர்தானே, அது எங்கே இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். "சார், தவள செத்துப்போச்சுங்க சார்" என்கிறேன், ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது போல அவர் பார்க்கிறார். "வேற ஆறு ஆர்டர் போட்டிருக்கேன் மேடம். ஷோ முடிஞ்சதும் கையெழுத்தோட ரூமுக்கு வாங்க." கீழே கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது.

வருகிறார்கள். முன்னெல்லாம் வேடிக்கை பார்க்க வருவார்கள், இந்த வாரம் சாவைப் பார்க்க வருகிறார்கள், முகத்திலேயே தெரிகிறது. நேராக ஏழாவது பெட்டிக்கு. "ஏனுங்க, ஆளைச் சாய்ச்ச தவள எதுங்க?" கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர், போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். மைக் என் கையில் இருக்கிறது. கையுறை மாட்டவில்லை, கண்ணாடி மாட்டவில்லை, ரகுநந்தன் தூண் ஓரத்திலிருந்து சைகை காட்டுகிறார், மாட்டு மாட்டு என்று. நாக்கு தானாக மூணே நிமிஷத்துக்குப் போகிறது, இரண்டு வருஷப் பழக்கம், பல்லைக் கடித்து நிறுத்துகிறேன். "எல்லாரும் கேளுங்க. ரெண்டு வருஷமா நான் பொய் சொல்லிப்போட்டேனுங்க. இதுகளுக்கு விஷம் இல்லீங்க." தூக்கிப் பிடித்த போன்கள் கீழே இறங்குகின்றன. "காட்டுல இருக்கறது எறும்பும் வண்டும் திங்கும், அதுல இருந்து விஷம் வரும். இதுக பொறந்ததுல இருந்து நான் வளக்கற ஈயத்தான் திங்குது. வாழைப்பழத்துல வளத்த ஈங்க. அதுல ஏது விஷம்?" "அப்பறம் அந்த ஆளு எப்படி வுழுந்தாருங்க?" என்கிறாள் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண். "நான் சொன்னதக் கேட்டுப் பயந்து வுழுந்தாருங்க. அவருக்கு ஒண்ணும் ஆகலீங்க. அவரு கைக்குள்ள மாட்டி தவளதான் செத்துப் போச்சு." சொல்லிவிட்டேன். காகிதத்தில் இல்லாததைச் சொல்லிவிட்டேன். உடம்பு முழுக்க வேர்க்கிறது, ஏசி இருந்தும் வேர்க்கிறது, அவமானமா நிம்மதியா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, ஏனென்றால் கட்டம்போட்ட சட்டைக்காரர் சிரிக்கிறார். "நெசமாலுமே விஷம் இல்லீன்னா கைய உள்ள உட்டு ஒண்ண எடுங்க, பாக்கலாம்." ஆமா ஆமா என்கிறார்கள். எடுங்க, எடுங்க. போன்கள் எல்லாம் மேலே ஏறுகின்றன.

பூட்டைத் திறந்துவிட்டேன். எடுத்துக் காட்டினால் முடிந்தது. ஒரே ஒரு நொடி, உள்ளங்கையில் ஒன்றை வைத்து இத்தனை போனுக்கும் காட்டினால் போதும், நாளைக்கு ஊரே பார்க்கும், அந்தக் காகிதம் வெறும் காகிதம் ஆகிவிடும், டிவியில் ஓடிய அலட்சியம் அழியும், பஸ்ஸில் எழுந்து போனவள் திரும்பி வந்து பக்கத்தில் உட்காருவாள். கை கண்ணாடி விளிம்பு வரைக்கும் போய்விட்டது. வாசலில் எனக்கும்தான் சானிடைசர் தேய்த்தார்கள், புது விதி, ஊழியர்களுக்கும் இரண்டு தடவை. அதற்கு மேல் கண்ணாடி மருந்து, விரலிடுக்கில் இன்னும் எரிகிறது. கழுவிக்கொண்டு வரலாம். கழுவி, ஈரக் கையில் ஒரு நிமிஷம் வைத்தால் ஒன்றும் ஆகாது, ஒருவேளை ஆகாது. அந்த ஒருவேளைக்கு இந்த ஐந்தில் எதைக் கொடுப்பது? என் பேர் சுத்தமாவதற்காக இன்னொரு தொண்டை துடித்து நிற்பதை ஐஸ்கிரீம் டப்பாவுக்கு முன்னால் குந்தியிருந்து பார்க்க வேண்டுமா? மடையர்களே, சொன்னால் நம்ப மாட்டீர்களா, எதையாவது பிடித்து நசுக்கித்தான் உங்களுக்கு உண்மை தெரியவேண்டுமா? கண்ணாடியைச் சாத்திவிட்டேன். "மாட்டேனுங்க" என்கிறேன். கூட்டம் ஓவென்று சத்தம் போடுகிறது. அதற்குள் ரகுநந்தன் வந்து என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொள்கிறார், பிடுங்கவில்லை, பூ வாங்குவது போல வாங்குகிறார். "பார்த்தீங்களா? ரெண்டு வருஷமா தினமும் சாப்பாடு போடறவங்க. உங்க பயத்தப் போக்கத்தான் அப்படிச் சொன்னாங்க. அவங்களாலயே கை வைக்க முடியல. இப்பத் தெரியுதா, விஷம்னா என்னன்னு?" கைதட்டுகிறார்கள். என் காதோரம் குனிந்து, மைக்கை மூடிக்கொண்டு, "சூப்பர் மேடம். கையெழுத்த மட்டும் போட்டுடுங்க, இதையும் மறந்துடறேன்" என்கிறார். "போடமாட்டேனுங்க சார்" என்கிறேன், அவர் சிரித்தபடியே கூட்டத்தின் பக்கம் திரும்பிவிடுகிறார், வேலை போயிற்று என்று அந்த முதுகில் எழுதியிருக்கிறது. "பயந்துட்டீங்களாக்கும்?" என்கிறார் கட்டம்போட்ட சட்டைக்காரர், போனை என் முகத்துக்கு நேரே நீட்டி. "ஆமாங்க, பயந்தானுங்க." எதற்குப் பயம் என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஐந்தும் தீனி என்று நினைத்துக்கொண்டு என் கைக்கு நேராக வந்து வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.